ஏழாவது ஜன்னல்

காலை ஏழு ஐம்பதுக்குக் கடல் பாலத்தின் இரும்புக் கதவு திறந்தது. தேர்வாளர் முன்பே வந்து நின்றிருந்தார். கையில் கிளிப் போட்ட அட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பேனா. வழிகாட்டி வணக்கம் சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் நேரம் குறித்தார்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வழிகாட்டிகளுக்கு இந்தத் தேர்வு நடை. கடல் பாலம், குளியல் கூடம், மணிக்கூண்டு, கலங்கரை விளக்கம், கோட்டை. இடத்துக்கு நான்காக இருபது கேள்வி. பதினெட்டு சரியாக இருந்தால் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும். இல்லையென்றால் ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டியதுதான். சனிக்கிழமை சீசன் தொடங்குகிறது. பயணியாக நடிக்க ஒருவரைக் கூட்டி வரலாம் என்பது விதி. அவள் நாத்தனாரைக் கூட்டி வந்திருந்தாள். மீன்காட்சியகத்தில் டிக்கெட் கிழிப்பவள். கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியும் போட்டு வந்திருந்தாள்.

“கைடம்மா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?” என்றாள் முதல் நிமிடத்திலேயே.

“பாலத்துக்கு இடப்பக்கம், படி இறங்கினா. சில்லறை வெச்சுக்கங்க.”

தேர்வாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

பாலத்தின் இரும்புக் கால்களைப் பற்றி அவள் சொன்னாள். நூற்றுப் பத்துக் கால்கள். ஒவ்வொன்றும் திருகாணி போல முறுக்கி மணலுக்குள் இறக்கப்பட்டது. காலின் தலையில் பூட்டிய மரச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளிய மனிதர்கள் இடுப்பளவு நீரில் நின்றார்கள். பலகை இடுக்கு வழியே கீழே பார்க்கச் சொன்னாள். பச்சை நீர் ஒரு காலை அணைத்து விலகி மறுபடி அணைத்தது. ஆயிரம் தடவை பார்த்தது. இன்றும் அவளே முதலில் குனிந்தாள்.

குளியல் கூடத்தில் தரை ஓடுகள். கடல்நீர் வந்து போன வாய்க்காலின் உப்பு வெள்ளை இன்னும் சுவரில் இருந்தது. மணிக்கூண்டில் அதைக் கட்டிய வருடத்தை ஒன்று தள்ளிச் சொல்லிவிட்டாள். கலங்கரை விளக்கத்தின் படிகள் இருநூற்றுப் பதினொன்று என்றாள். சுற்றுலா அலுவலகக் கையேட்டில் இருநூற்றுப் பத்து; அதில் உள்ளதுதான் சரியான விடை. வாசற்படியையும் சேர்த்து எண்ணிப் பழகியவள். தினமும் ஏறுகிறவர்கள் செய்யும் தவறு.

“ரெண்டு போச்சு,” என்றார் தேர்வாளர். குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

கோட்டையில் மூன்று கேள்விகளை ஒழுங்காகக் கடந்தாள். கடைசிக் கேள்விக்குக் கடலைப் பார்த்த நீளச் சுவர் முன் நின்றார்கள். ஏழு ஜன்னல்கள். ஆறில் கடல் தெரிந்தது. ஏழாவதைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்.

“இத ஏன் அடைச்சாங்க?” என்றார் தேர்வாளர்.

அவர் பேனா டிக் போடத் தயாராக இருந்தது. நாத்தனார் கறுப்புக் கண்ணாடிக்குள் சிரிப்பது அவளுக்குத் தெரிந்தது.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு மழை நாள். நனைந்து சலித்த கூட்டத்தில் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டார். அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கோட்டைத் தளபதியின் மனைவி தினமும் மாலை இந்த ஜன்னலில் நின்று கப்பலுக்காகக் காத்திருந்தாள், கப்பல் மூழ்கிய சேதி வந்த அன்று அடைக்கச் சொன்னாள் என்று வாய்க்கு வந்தது. கூட்டம் ஜன்னலை நெருங்கி வந்தது. அடுத்த மாதம் மற்ற வழிகாட்டிகளும் அதைச் சொன்னார்கள். ஒருவர் ஒரு விளக்கைச் சேர்த்தார். இன்னொருவர் ஒரு கைக்குழந்தையை. போன வருடம் சுற்றுலா அலுவலகம் படத்தோடு கையேட்டில் அச்சிட்டது. பதினான்காம் பக்கம்.

“அண்ணி, உங்க பொய்க்கு உங்களுக்கே மார்க் போடப் போறாங்க,” என்று நேற்றுகூட நாத்தனார் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் இங்கே சாரம் கட்டிப் பழுதுபார்த்தார்கள். கொத்தனார் ஒருவர் அவள் விரலைப் பிடித்து விரிசலில் வைத்துக் காட்டினார். மேலே இருந்து சாய்வாக இறங்கிய விரிசல் இந்த ஜன்னலின் மேல் நின்றுவிட்டிருந்தது. “இத அடைக்கலேன்னா இன்னைக்கு இந்தச் சுவரே இல்லம்மா. சாந்து பூரா ஒரே பதம், பாத்தீங்களா? எவனோ ஒரே நாள்ல முடிச்சிருக்கான்,” என்றார். செங்கல் இடுக்கில் யாரோ சாந்தை அழுத்திய கட்டைவிரல் தடம் இருந்தது. அன்றிலிருந்து கதை சொல்லும்போது அவள் அந்தத் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அது கண்ணில் பட்டால் கதை வாயிலேயே நின்றுவிடும்.

“தளபதியோட மனைவி...” என்று தொடங்கினாள். தேர்வாளர் அந்த இடத்தில் சாய்ந்து நின்றிருந்தார். கை வைக்க வழியில்லை. அவர் தோளுக்குப் பக்கத்தில் தடம் தெரிந்தது. சிறிய விரல். அவள் விரலைவிடச் சிறியது.

“அண்ணி,” என்றாள் நாத்தனார் மெல்ல. “பதினாலாம் பக்கம்.”

“சுவர் விழப் பாத்துச்சு சார். அதத் தாங்கத்தான் அடைச்சாங்க.”

தேர்வாளர் கையேட்டைப் புரட்டினார். “யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எல்லா கைடும் சொல்ற கதைதான?”

“மொதல்ல சொன்னது நான். மழை பெஞ்சுது. ஒருத்தர் கேட்டாரு. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்.”

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள்.

வழிகாட்டி தேர்வாளரின் கையைக் கேட்காமலே பிடித்து விரிசலில் வைத்தாள். அவர் விரல் மெதுவாகச் சரிந்து இறங்கியது. ஜன்னலின் மேல்கல்லில் வந்து நின்றது. அங்கிருந்து செங்கல்லுக்கு, செங்கல்லில் இருந்து சாந்துக்கு. கட்டைவிரல் தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. எடுக்கவும் இல்லை. ஆறு ஜன்னல்கள் வழியாகவும் காற்று வந்து அட்டையில் இருந்த தாள்களைப் படபடக்கச் செய்தது. இருபதாவது கேள்விக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

“என் வீட்டுக்காரி அந்தக் கதையக் கேட்டு இங்க நின்னு அழுதிருக்காம்மா,” என்றார் அவர். “வீட்டுக்குப் போய் அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?”