தரை காயும்வரை

...அட, சுவர். குதிகால் சுவரில் இடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, நீளக் கைப்பிடி பிரஷ் கையில் அப்படியே அந்தரத்தில் நின்றது, இங்கே கதவல்லவா இருக்க வேண்டும், நிலைப்படியல்லவா காலில் தட்ட வேண்டும், சுவர் எங்கிருந்து முளைத்தது... நிமிர்ந்து பார்த்தாள். கதவு எதிரே இருந்தது, அறையின் அந்தக் கோடியில், அகலத் திறந்து கிடந்தது. அதற்கும் இவளுக்கும் நடுவே தரை முழுக்கப் புது வார்னிஷ், வெயில் பட்டு மினுமினுவென்று, ஒரு தூசி இல்லை, ஒரு முடி இல்லை, நன்றாகத்தான் பூசியிருக்கிறாள் மகராசி. ஜன்னல் பக்கம் தொடங்கிக் கதவுப் பக்கம் முடிக்க வேண்டும் என்பது மரத்தரை வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம், அதைச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை, வீடு கூட்டுகிற எவளுக்கும் தெரியும். இவள் கதவில் தொடங்கி, பின்னாலேயே நடந்து நடந்து, மூலையில் வந்து முடித்திருக்கிறாள். ஊரில் பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் தரையக்கா தரையக்கா என்று தேடி வருகிறார்களே, அந்தத் தரையக்கா, எலிப்பொறிக்குள் தானே நடந்து போய்த் தானே கதவை மூடிக்கொண்ட எலி மாதிரி நிற்கிறாள். சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போனது, ஏனென்றால் இன்றைக்கு மூன்று மணிக்குள் அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

மூன்று மணிக்குள் வரணும் என்று நேற்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். தம்பிக்குக் கல்லீரல் போய்விட்டது, முழுக்கப் போய்விட்டது, குடித்துக் குடித்துக் கரியாக்கிவிட்டான், வேறு ஆளுடையதில் பாதி வெட்டி வைத்தால் பிழைப்பான், வைக்காவிட்டால் இந்த மழைக்காலம் தாண்ட மாட்டான். அவன் பெண்டாட்டிக்குப் பொருந்தவில்லை, சித்தப்பா மகனுக்குப் பொருந்தவில்லை, இவளுக்குப் பொருந்தியது. பொருந்தாமல் எங்கே போகும், சின்ன வயதிலிருந்து அவனுடைய ஒவ்வொன்றும் இவள் தலையில்தானே வந்து பொருந்துகிறது. டாக்டரம்மா இவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, வயதில் சின்னவள்தான், மகள் மாதிரி இருப்பாள், மெதுவாகச் சொன்னாள்... "உங்களுக்கு மனசு இல்லேன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. உங்க உடம்பு இதுக்கு ஒத்துவராதுன்னு அவங்ககிட்ட நாங்க சொல்லிடுவோம். யாருக்கும் தெரியாது. நாளைக்கு மூணு மணிக்குள்ள வந்து சரின்னோ வேணாம்னோ சொல்லுங்க. வரலேன்னா... நான் புரிஞ்சுக்கறேன்." அந்தப் பெண் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள், இரக்கத்தைப் போல ஒரு பாவி உண்டா, சரியென்பதற்கும் வேண்டாமென்பதற்கும் நடுவே வராமலே இருப்பது என்று மூன்றாவது ஒன்றைக் கொண்டு வந்து வைத்துவிட்டாளே. ராத்திரி புருஷனிடம் சொன்னதற்கு அவர் சாப்பிட்ட கையைப் பார்த்துக்கொண்டே "உன் உடம்பு, உன் இஷ்டம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவள் என்ன துணி எடுக்க வேண்டும் என்பதில்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதில்லை அந்த மனுஷன், இதில் மட்டும் உன் இஷ்டமாம். போகாதே என்று கத்தியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். போய்த்தான் ஆகணும் என்று சொல்லியிருந்தால்...

பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பூசாத இடம் ஒரு தலையணை அளவு இருந்தது, அதில் கால்களை மடக்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு. இது மாடி, ஜன்னல் வழியாகக் குதித்தால் மூன்று மணிக்குள் ஆஸ்பத்திரி நிச்சயம், ஆனால் வேறு வார்டில் என்று நினைத்துக்கொண்டாள். மிதித்துக்கொண்டு போகலாம்தான், யார் தடுத்தது, பாதத் தடம் பாதத் தடமாக விழும், வார்னிஷ் உரிந்துகொண்டு வரும், தூசி ஒட்டும். இந்தத் தரைக்கு அது வேண்டுமா? வீட்டைக் கட்டினவனின் பேரன் பேத்தியெல்லாம் செத்து மண்ணாகிவிட்டார்கள், தரை இருக்கிறது. எத்தனை பேர் எத்தனை முறை மெஷின் வைத்துத் தேய்த்தார்களோ, ஒரு பலகையின் விளிம்பு நாக்கு மாதிரி நீண்டு அடுத்த பலகைக்குள் கோத்திருக்கிறதே, அந்த நாக்குக்கு மேலே மரம் இப்போது ரொட்டித்துண்டு கனம்கூட இல்லை, ஆணித்தலைகள் எப்போது வெளியே வரலாம் என்று உள்ளேயே காத்துக் கிடக்கின்றன. அதனால்தான் மெஷினே வேண்டாமென்று முட்டி போட்டு, உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, மர ரேகை போகிற போக்கிலேயே கையால் தேய்த்தாள், தேய்த்து முடித்த அன்று நிமிர முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே போனால் எதுவும் ஒரு நாள் தீர்ந்துதானே போகும். ஆனால் லிவர் அப்படி இல்லையாம், வெட்டினாலும் மூன்று மாதத்தில் பழையபடி வளர்ந்துவிடுமாம், டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாள். வளரும், சரி. அவனுக்குள் போன பாதியும் வளருமாம். அது வளர்ந்து யாருக்கு? எதை ஊற்றிக்கொள்ள?

அதை நினைக்கக் கூடாது. அவன்தான் விட்டுவிட்டானே, ஆறு மாதமாகத் தொடுவதில்லை, சத்தியம் செய்தான், குடித்தால் ஆபரேஷன் கிடையாது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள், அவன் பெண்டாட்டி குடத்தடி வரை தேடிப் பார்க்கிறாள். ஆனால் போன வாரம் பார்க்கப் போனபோது, கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைக் கோதிவிட்டபோது, வந்ததே அந்த வாசனை... வந்ததா? சுருக்கென்று மூக்கில் ஏறியது, கையை அப்படியே எடுத்துக்கொண்டாள். அன்றைக்குக் காலை முழுக்க இதே அறையில் பழைய அரக்குப் பூச்சை ஸ்பிரிட் ஊற்றி ஊற்றித் துடைத்தெடுத்திருந்தாள், சோப்புப் போட்டுத்தான் கழுவினாள், ஆனாலும் நகக்கண்ணில் நிற்குமே அது, சாராயக் கடை வாசனை அச்சு அசலாக. அவன் வாயிலிருந்து வந்ததா, இவள் விரலிலிருந்து வந்ததா? குனிந்து அவன் முகத்துக்கு அருகே மோந்து பார்த்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. பார்க்கவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது விரலை மோந்தாள், இருந்தது, அப்பாடா என்று இருந்தது, அடுத்த நிறுத்தத்திலேயே மனம் சொன்னது, உன் விரலில் இருந்தால் அவன் வாயில் இல்லையென்று ஆகிவிடுமா? அந்தச் சின்னது, தம்பி மகள், வாசல் வரை கூடவே வந்து, "அத்தை, உங்களுக்கு வலிக்குமா?" என்று கேட்டது. "வலிக்காது கண்ணு." "அப்ப அப்பாவுக்கு?" அதற்கு என்ன சொன்னாள் என்று இப்போது ஞாபகம் வரவில்லை, என்ன சொல்லியிருப்பாள், ஏதோ சொல்லியிருப்பாள்.

எங்க அக்கா எனக்காக உசிரையே குடுப்பா என்று போகிற இடத்திலெல்லாம் சொல்வான், குடித்திருக்கும்போது இன்னும் சத்தமாக. யாருடா உன்னிடம் அப்படிச் சொன்னது? நான் சொன்னேனா? ஆனால் சொல்ல வைத்துவிட்டாளே, கொஞ்ச நாள் இவளோடு இதே வேலைக்கு வந்தானே, அப்போது. ஒரு வீட்டில் ஆளிவிதை எண்ணெய் பூசினார்கள், பூசித் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதே, விரித்துக் காயப்போடு, சுருட்டினால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், ஐயா மத்தியானமே ஏற்றிக்கொண்டு வந்து துணியெல்லாவற்றையும் மூலையில் பந்தாகச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அறையில் பாதித் தரை கரிக்கட்டை. அந்த வீட்டுச் சொந்தக்காரர் வந்து கத்தியபோது, அவன் அப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான், இவள் வாய் தானாகத் திறந்து "நான்தாங்க துணியைப் போட்டேன்" என்றது. யோசிக்கவே இல்லை. அதற்கப்புறம் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் இவளை உள்ளே விடவில்லை. அவனுக்கு அது நினைவிருக்குமா? நினைவிருந்தாலும் அதை அவன் நன்றியாகவா வைத்திருப்பான், வழக்கமாக வைத்திருப்பான். சூரியன் கிழக்கே, அக்கா பக்கத்திலே. கோபம் வந்தது, கூடவே ஐந்து வயதில் காய்ச்சலில் அவன் இவள் மடியைவிட்டு இறங்க மாட்டேன் என்று அழுத அழுகையும் வந்தது, சனியன், எதையாவது ஒன்றைத் தனியாக வர விடுகிறதா இந்த மனம். ஆசை இல்லாமல் இல்லை, உயிர்தான் அவன். பயமும் இருக்கிறது. கத்திக்குப் பயமில்லை, கத்தி மயக்கத்தில் போய்விடும். தன் உடம்பிலிருந்து போன ஒன்று அவனுக்குள் போய், அவன் அதன் மேலும் ஊற்றி, இரண்டாம் முறையும் கரியாகி... அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமே, அந்தப் பயம். கொடுத்தாலும் சாவான் என்று தோன்றுகிறது. கொடுக்காவிட்டால் நிச்சயம் சாவான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துளி வித்தியாசத்துக்குத்தான் இவள் வயிற்றைக் கிழிக்க வேண்டும்.

தரையில் கிடந்த வெயில் சுவருக்கு நகர்ந்திருந்தபோது, வெளியே நடையில், ஆணியில் மாட்டியிருந்த பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பக்கத்து அறையிலிருந்து வீட்டுக்காரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து எட்டிப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்து இன்னொரு தரம் பார்த்தார்.

"ஏம்மா, அங்க என்ன பண்றே? ஐயையோ, மாட்டிக்கிட்டியா!" வயிறு குலுங்கச் சிரித்தார், நல்ல மனுஷி, சிரிப்பில் விஷம் கிடையாது. "ஊருக்கெல்லாம் தரை போடறவ, உனக்கா இந்தக் கதி? நானும் ஒரு தடவை பாத்ரூம்ல தாழ்ப்பாள் மாட்டிக்கிட்டு அரை நாள் உக்காந்திருந்தேன், விடு. நீ ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னியே?"

"ஆமாம்மா. மூணு மணிக்கு."

"அப்புறம் என்ன யோசனை? மிதிச்சுட்டு வா. நாளைக்குத் திரும்பப் பூசிக்கலாம். எனக்கென்ன, இங்க பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

மிதித்துவிட்டு வா. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, இது இவர் வீடு, இவர் தரை, இவரே சொல்கிறார். எழுந்திருக்க வேண்டும், எழுந்து பத்து எட்டு வைக்க வேண்டும், கீழே இறங்கினால் பேருந்து. இவளோ உட்கார்ந்தபடியே பேசுவதைத் தானே கேட்டாள். "வேணாம்மா. திரும்ப தேய்க்க வேண்டி வரும். பலகை ஏற்கெனவே மெலிஞ்சு கிடக்கு, தாங்காது." பொய். தடம் விழுந்த இடத்தை ரொம்ப மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவு தடவினால் போதும், மரத்தில் படக்கூடப் படாது, வார்னிஷோடு போய்விடும், இது அவளுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும். வீட்டுக்காரம்மா அதை நம்பிவிட்டார். தரையக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற மாதிரி தலையாட்டினார். ஆக, காலையில் கதவில் தொடங்கினாயே, அது மறதியா? வாளி அங்கே இருந்தது, பிரஷ் அங்கே இருந்தது, ஏதோ நினைப்பில் குனிந்தேன்... ஏதோ நினைப்பில் குனிந்தது தலையா, கையா? இருபது வருஷக் கை ஒரு முறைகூடத் தப்பவில்லையே.

போன் திரும்பவும் அடித்தது. வீட்டுக்காரம்மா பையிலிருந்து எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "தம்பின்னு போட்டிருக்கும்மா. எடுக்கட்டுமா? நீ அதுக்குள்ள காஞ்சிருக்கான்னு பாரு."

அவள் குனிந்து, நடுவிரலின் பின்பக்கத்தைத் தரையில் வைத்தாள். புறவிரல் பொய் சொல்லாது, உள்விரல் காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது. வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். வார்னிஷ் அமைதியாக, வழுவழுவென்று, பழைய மரத்தின் ரேகையெல்லாம் அடியில் தெரியக் கிடந்தது.

"என்னம்மா, காஞ்சுடுச்சா?"

"இன்னும் இல்லம்மா. சாயங்காலம் ஆகும்."

வீட்டுக்காரம்மா போனைக் காதில் வைத்து, காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில், "தம்பி, உங்க அக்கா உள்ள மாட்டிக்கிட்டாங்க, தானே பூசித் தானே மாட்டிக்கிட்டாங்க, தரை இன்னும் ஈரமா இருக்காம்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கேட்டு, மறுபடி கேட்டு, முகமெல்லாம் மலர்ந்து இவள் பக்கம் திரும்பினார். "சிரிக்கிறாரும்மா உன் தம்பி. இருமல் வர்ற அளவுக்குச் சிரிக்கிறார். அக்கா எப்படியும் வந்துடுவா, ஒண்ணும் அவசரமில்ல, பொறுமையா வரச் சொல்லுங்கன்னு சொல்றார்."

"சரிம்மா" என்றாள். விரலை எடுத்துச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைப்பதற்கு முன்னாலும் விரலில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.