இடதைத் திருப்பினால் வலது ஆகாது

அந்தக் காருக்குத் தெருவில் வழங்கிய பெயர் ஒற்றைக்கண்ணன். பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். முன்பக்கம் செருப்பு நுனி போலத் தாழ்ந்து சரிந்திருக்கும். பகலில் பார்ப்பவர்கள், இதற்கு விளக்கு வைக்கவே மறந்துவிட்டார்களோ என்று நினைப்பார்கள். உள்ளே ஒரு விசையைத் தட்டினால்தான் பானெட்டின் இரு ஓரங்களிலும் இரண்டு மூடிகள் நிமிர்ந்து, அவற்றின் அடியிலிருந்து விளக்குகள் எட்டிப் பார்க்கும். பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடந்தது வேறு. இடது மூடி சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்து நிற்கும். வலது மூடி பாதி எழுந்து, யோசித்து, திரும்பவும் படுத்துக்கொள்ளும். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களைப் பார்த்து அந்தக் கார் கண்ணடிக்கிறது என்று தெருவே சிரித்தது.

அதை ஓட்டுகிறவள் ஒரு தையற்காரி. தைத்து முடித்த கோட்டுகளை இருக்கைக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டு, ஒரு கசங்கல் இல்லாமல் வாடிக்கையாளர் வாசலில் கொண்டுபோய் இறக்குவாள். நாள் முழுக்க மிஷினுக்கு முன்னால் குனிந்திருக்கிற முதுகு அந்த இருக்கையில் சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். "அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி உடம்புல உட்காருது" என்பாள். அவள் வாயிலிருந்து ஒரு பொருளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வந்தது கிடையாது.

பழுது பார்ப்பது அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். மூடியைத் தூக்கும் மோட்டாரை அவர் கழற்றாத வாரம் இல்லை. உள்ளே இருந்த பல்சக்கரம் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டிருந்தது. அந்தச் சக்கரத்தைச் செய்தவர்கள் செய்வதை நிறுத்தி ரொம்ப காலம் ஆகிவிட்டது.

"ஊர்ல இருக்கிற மாடிக்கெல்லாம் ஆளை ஏத்தி இறக்குறே. சொந்த வீட்டு மூடி ஒண்ணை ஏத்த முடியலையேண்ணா" என்பான் அவருடைய தம்பி.

இந்தத் தம்பி, அதாவது தையற்காரியின் கொழுந்தன், டிங்கர் வேலைக்காரன். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது தொழில். அடிபட்டு மூலையில் கிடந்த இந்தக் காரை வாங்கி, தட்டி, கருஞ்சிவப்பு வர்ணம் பூசி, அண்ணன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவனும் அவன்தான். காரின் மூக்கில் அடி என்பது வரைக்கும் சொல்வான். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்ல மாட்டான். "தடவிப் பாத்து எவனாவது சொல்லிட்டான்னா, சுத்தியலைத் தூக்கிப் போட்டுட்டு அண்ணிகிட்ட பொத்தான் தைக்க வந்துடறேன்" என்பது அவனுடைய பல வருஷத்துச் சவால். மெக்கானிக்குகள் தடவிப் பார்த்தார்கள். வர்ணம் அடிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார்கள். யாருக்கும் தட்டுப்படவில்லை.

வாகன ஆய்வு நிலையத்தில் அந்தக் காரை இரண்டு தடவை திருப்பி அனுப்பியாகிவிட்டது. இரண்டு விளக்கும் ஒன்றாக எரிய வேண்டும், ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சாலைக்கு வரக்கூடாது. மூன்றாவது தடவையும் திரும்பினால் பதிவு ரத்து. அப்புறம் அது கார் இல்லை, பழைய இரும்பு. அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார்கள்.

"ரெண்டு மூடியையும் தூக்கி வச்சு உள்ளே கம்பி போட்டு இறுக்கிட்டா என்ன?" என்றார் கணவர்.

"தூக்கத்துல எழுப்பின தவளை மாதிரி இருக்கும்" என்றான் தம்பி.

"பாஸ் ஆயிடுமில்ல?"

தையற்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுத்தான் பேசினாள். "என்னங்க, நான் என்னைக்காவது குண்டூசி குத்தின சட்டையை அப்படியே வாடிக்கைக்காரங்க கையில குடுத்திருக்கேனா? கம்பி போட்டுக் கட்டின காரை நான் ஓட்ட மாட்டேன். எழுந்து படுக்கிற விளக்கு வேண்டாம். நிலையா நிக்கிற விளக்கா வச்சிடுங்க. வச்சது தெரியாத மாதிரி வைங்க."

அவள் அப்படித் தீர்த்துச் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வேலை தொடங்கியது. மோட்டார், நெம்புகோல், மூடி எல்லாவற்றையும் கணவர் கழற்றி ஒரு வாளியில் போட்டார். காலியான குழிகளில் இரும்புப் பட்டையால் தாங்கி செய்து, கையளவு வட்ட விளக்குகளைத் தரையிலிருந்து சட்டம் கேட்கும் உயரத்துக்குக் குறையாமல் பொருத்தினார். திருகைத் திருப்பினால் வெளிச்சம் ஏறும், இறங்கும், பக்கவாட்டில் நகரும். அது அவருடைய துறை. நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது முகம். விளக்கைச் சுற்றிக் குழி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பானெட்டின் வளைவோடு வளைவாக அதை மூட வேண்டும். அது தன் வேலை என்று கொழுந்தன் தகரத்தோடு வந்தான். தட்டிய மட்டும் நன்றாகத்தான் வந்தது. விளக்குக்கு ஓட்டை போட்டு ஓரத்தைப் பற்றவைத்தபோது, சூடு பட்டுத் தகரம் காய்ந்த இலை மாதிரி சுருண்டுகொண்டது. இன்னொரு தகரமும் சுருண்டது. மூன்றாவதை அவன் ஷெட்டின் மூலைக்கு வீசியபோது தையற்காரி தேநீரோடு உள்ளே வந்தாள்.

டம்ளர்களை வைத்துவிட்டு, குழியின் விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால் தடவினாள். மேலே குவிந்து, வெளிப்பக்கம் சரிந்து, கீழே உள்வாங்கியது.

"தம்பி, இதைத் தகரத்தால பிடிக்க முடியாது. இது தோள்பட்டை."

"என்னது?"

"தோள்பட்டை. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வளையுது பாரு. துணிதான் இதுக்குச் சரி. துணியில தச்சு இழுத்துக் கட்டறேன். அது மேல நீ ரெசின் பூசிக்கோ. காஞ்சா கல்லு மாதிரி ஆயிடும் இல்ல?"

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தேநீரைப் பார்த்தார். "காருக்குச் சட்டை தைக்கப் போறியா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"உனக்கே தச்சுப் போட்டிருக்கேன். கார் எவ்வளவோ அடக்கமா நிக்கும்."

கொழுந்தன் மெல்லிய கம்பியைக் குழியின் விளிம்போடு விளிம்பாக வளைத்துச் சட்டம் செய்தான். அவள் பனியன் துணியைக் குறுக்கு வாக்கில் வெட்டி அதன்மேல் இழுத்தாள். வெறுமனே இழுத்தால் துணி நேராக நிற்கும், குவியாது. அதற்குத் தையற்காரர்களிடம் ஒரு வழி உண்டு. துணியில் சிறு மடிப்பு ஒன்றைக் கூர்நுனியாகப் பிடித்துத் தைத்துவிட்டால் தட்டைத் துணி புடைத்துக்கொள்ளும். டக்கு என்பார்கள். மேலே ஒன்று, வெளி ஓரத்தில் ஒன்று என்று அவள் பிடித்த இரண்டு டக்கில் துணி பானெட்டோடு பிறந்தது போல எழுந்து நின்றது. ரெசின் பூசி, காய்ந்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் இடது பக்கம் முடிந்தது. கொழுந்தன் நகத்தை வைத்து ஓரம் முழுக்க இழுத்துப் பார்த்தான். நகம் எங்கும் இடறவில்லை.

"பரவாயில்ல" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மாலை மிஷினில் உட்கார்ந்தபோது அவள் கால் தானாகத் தாளம் போட்டது.

அந்த மிதப்பில்தான் வலது பக்கம் பிசகியது. இடது பக்கத்துக் காகித மாதிரியை அப்படியே கவிழ்த்துப் போட்டு வெட்டினாள். "சட்டத்தையும் இடதைப் பாத்துத் திருப்பி வளைச்சுடு, தம்பி. ரெண்டும் ஒண்ணுதானே." அவனும் காரைத் தொடாமல் மேஜையிலேயே வளைத்தான். ரெசினும் மேஜையிலேயே காய்ந்தது. காரில் கொண்டுபோய் வைத்தபோது, வெளிப்பக்கக் கீழ் மூலையில் சுண்டுவிரல் போகிற அளவுக்குச் சந்து.

"ரெசின் சுருங்கியிருக்கும்" என்றார் கணவர்.

"அப்ப இடது ஏன் சுருங்கல?" என்றாள் அவள்.

கொழுந்தன் வலது சட்டத்தைத் தூக்கி, இடது பக்கத்துக்கு எதிரே கண்ணாடி பிம்பம் போலப் பிடித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அவன் முகம் என்னவோ போல ஆயிற்று.

தையற்காரி உள்ளே போய்க் காடாத் துணி கொண்டுவந்தாள். காரின் வலது மூக்கில் அதைப் போர்த்தி, நாடா ஒட்டி, விரலால் நீவி, வளைவு திரும்புகிற இடமெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டாள். இடது மூக்கிலும் அதையே செய்தாள். இரண்டு துணியையும் எடுத்து, ஒன்றைக் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாக் கோடும் எல்லாக் கோட்டின்மேலும் விழுந்தது. ஓரிடத்தில் மட்டும் விழவில்லை. ஒரு கை அகலத்துக்கு இடது பக்கக் கோடு சீராக ஓட, வலது பக்கக் கோடு மட்டும் விலகிப் போய், மறுபடி வந்து சேர்ந்தது.

காரிடம் திரும்பி வந்து, வலது பக்கத்துக் கருஞ்சிவப்பு வர்ணத்தின்மேல் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தாள். தள்ளி இன்னொரு புள்ளி வைத்தாள்.

"தம்பி, இங்கேருந்து இங்க வரைக்கும் உன் சுத்தியல் பட்டிருக்கு."

கொழுந்தன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான். உள்ளே இருந்த மோட்டார்கள் தரையில் உருண்டன.

"அதேதான்" என்றான் கடைசியில். "அந்த ரெண்டு புள்ளிதான். மயிரிழை வித்தியாசம் கிடையாதுன்னு நான் சத்தியமா நம்பிட்டு இருந்தேன், அண்ணி. ஒளிச்சு வைக்கல."

"எனக்குத் தெரியும். நானும் நம்பித்தானே கவுத்துப் போட்டு வெட்டினேன். மனுஷங்களுக்கு அப்படி வெட்ட மாட்டேன். ஒரு தோள் இறங்காத ஆளை நான் இன்னும் பாக்கல; ரெண்டு தோளையும் தனித்தனியா அளப்பேன். இது மிஷின்ல பொறந்ததுன்னு அசட்டையா இருந்துட்டேன்."

"வர்ணத்தை உரிச்சுட்டு மறுபடி தட்டிடறேன்" என்று அவன் எழுந்தான்.

"உட்காரு. தோள் இறங்கினவங்க வந்தா நான் தோளையா தட்டி நிமித்துறேன்? சட்டையைத்தானே மாத்துறேன். இது நல்ல வேலை, தம்பி. இத்தனை பேர் கையும் இதைத் தாண்டிப் போயிருக்கு. இதைக் கெடுக்காதே."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கம்பியை எடுத்தான். இந்தத் தடவை வலது குழியிலேயே வைத்து வளைத்தான். அவள் வலதுக்கென்று தனி மாதிரி வெட்டினாள். வெளிப்பக்க டக்கை நீளம் குறைத்து, தையல் விழும் இடத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். அளந்தால் இரண்டும் வேறு. நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று. வர்ணம் பூசிக் காய்ந்ததும் கணவர் ஷெட் சுவரில் கோடு கிழித்து, இரண்டு வெளிச்சமும் ஒரே கோட்டில் நிற்கும் வரை திருகைத் திருப்பினார். தெருவில் எவனோ "ஒற்றைக்கண்ணனுக்குக் கண்ணு திறந்துடுச்சு" என்று கத்திக்கொண்டு போனான்.

ஆய்வு நிலையத்துக்கு அவள் காரை ஓட்டிக்கொண்டு போனாள். பக்கத்தில் கணவர். கொழுந்தன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தான்.

ஆய்வாளர் பேசாத மனிதர். விளக்கின் முன்னால் ஒரு பெட்டியைத் தள்ளி நிறுத்தி வெளிச்சத்தை அளந்தார். தரையிலிருந்து உயரம் அளந்தார். விளக்கைச் சுற்றியிருந்த புது மூடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. குனிந்து இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனி செட் இது? எனக்குத் தெரிஞ்சு இந்த மாடலுக்கு யாரும் செய்யலையே."

"என் மனைவி தச்சது" என்றார் கணவர். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "தாங்கியும் லைட்டும் நான். மூடி அவங்க."

ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் முன்னால் வந்தான்.

"சார், இந்தக் காரோட மூக்கு ஒரு பக்கம் அடிபட்டது சார்."

கணவர் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "டேய்" என்றார், உதடு அசையாமல்.

ஆய்வாளரின் பேனா நின்றது. "எந்தப் பக்கம்?"

"நான்தான் தட்டினேன் சார். எந்தப் பக்கம்னு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. அதைச் சொல்லித்தான் ஊர்ல நான் பேர் வாங்கிட்டு இருந்தேன். எங்க அண்ணி ஒரு முழத் துணியை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு மூடியும் வேற வேற அளவு சார். அது உங்க பேப்பர்ல இருக்காது. யாராவது ஒருத்தருக்காவது தெரியணும்னு சொன்னேன்."

ஆய்வாளர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு மறுபடி காரிடம் போனார். இடது மூக்கைத் தடவினார். வலது மூக்கைத் தடவினார். ஒரு முழங்காலை ஊன்றி, கன்னம் பானெட்டில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, வர்ணத்தில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்தார். கணவர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். தையற்காரி அசையவில்லை. வாடிக்கையாளர் கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது அவள் நிற்கிற நிலை அது.

ஆய்வாளர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியல. நீங்க காட்டுங்கம்மா, எங்க இருக்குது?"

"தெரியக்கூடாதுன்னுதானே சார் ரெண்டு பேரும் இவ்வளவு பாடுபட்டோம்" என்றாள் அவள்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கணவர் கைக்குட்டையை விரித்து முகத்தைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் அவள் காரில் உட்கார்ந்து விசையைத் தட்டினாள். எதுவும் எழவில்லை, எதுவும் முனகவில்லை. எதிர்ச் சுவரில் இரண்டு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்த கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, திங்கட்கிழமை காலையில வந்துடு. நாலு கோட்டுக்குப் பொத்தான் தைக்க வேண்டியிருக்கு."