கால் தேறிய செய்தி

குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து என் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்து, மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். வலியில் உயிர் போய் உயிர் வந்தது. தம்பி வந்தான், பழம் வாங்கி வைத்தான், போனான். அவனைக் குறை சொல்லவில்லை. அவன் பாடு அவனுக்கு.

வீடு திரும்பிய பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிப் பெண் ஒருத்தி வாரம் இருமுறை பயிற்சி கொடுக்க வந்தாள். அந்த நாள்களில்தான் என் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். மற்ற நாள்களில் சுவரிடம் பேசுவேன். அது பதிலே சொல்லாது, என் வகுப்பின் கடைசி பெஞ்சு மாதிரி.

“காலைத் தூக்குங்க டீச்சர். இன்னும் கொஞ்சம். அவ்ளோதான்!” என்பாள். போகும்போது, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பேன்.

கால் சீக்கிரமே தேறிவிட்டது. அதுதான் வம்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த வாக்கர் இல்லாமலே அடுப்படியில் நடமாடினேன். இது தெரிந்தால் அவள் வருவது நின்றுவிடுமே! அழைப்புமணி அடித்ததும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தேன். வயிற்றுவலி என்று நடித்த எத்தனை பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான்! அவர்களைவிட நன்றாகவே நடித்தேன். அவளும் கவலைப்பட்டுக் கூடுதல் நேரம் இருந்தாள். வெட்கத்தைவிட சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

இன்று வந்தவள் பையைத் திறக்கவே இல்லை.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஒரு மாசமா உங்களுக்கு முன்னேற்றமே இல்ல. அப்படி இருந்தா வீட்டுக்கு வர்றத நிறுத்திடுவாங்க. காத்திருக்கறவங்க நிறைய பேரு. இன்னைக்குத்தான் கடைசி.”

“கடைசியா?”

“ஆமா. இப்படியே தனியா இருக்காதீங்க. பாத்துக்க ஆள் இருக்கற ஹோம் ஏதாவது பாக்கச் சொல்லி தம்பிகிட்ட பேசட்டுமா?”

தன் வினை தன்னைச் சுடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! எனக்குப் பதறிவிட்டது. வாக்கரை ஒதுக்கிவிட்டு எழுந்தேன். ஜன்னல்வரை நடந்தேன், திரும்பி வந்தேன். துளி நொண்டல் இல்லை. முன்னேற்றத்தைக் காட்டிவிட்டால் தொடர்ந்து வருவாள் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

அவள் கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என்னை ஒருவர் கட்டிக்கொண்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! அழுகை வந்தது.

“டீச்சர், முழுசா குணமாயிட்டீங்க! ஹோமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே நான் வரவே தேவையில்ல!”

சும்மாவாவது எப்போதாவது வாயேன் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் சந்தோஷம் பொங்க வாக்கரை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிச் சாமான், வேறு யாருக்காவது வேண்டியிருக்கும்.

வாசல்வரை அவளோடு நடந்துபோய், நானே கதவைத் திறந்துவிட்டேன்.