தூக்கக்காரி

"ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போய்க்கலாம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சட்டைங்க மலை மாதிரி கிடக்கு," என்றார் மாமனார். சொல்லும்போது மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போவதற்காக அவள் மாற்றிக் கட்டியிருந்த புடவையைத்தான் பார்த்தார்.

அவளுக்கு எட்டாம் மாதம். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது, ஊசியின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், தவறாமல் வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன தடவையும் இப்படித்தான் தள்ளிப்போனது.

கீழே சலவைக் கடை, மேலே வீடு. கொதிகலனின் ஆவி படியேறி வந்து படுக்கையறைச் சுவரெல்லாம் வேர்த்திருக்கும். வீட்டிலிருந்து தெருவுக்குப் போகக் கடையைத் தவிர வேறு வழி கிடையாது. கடை வாசலில் கல்லா, கல்லாவில் மாமனார்.

"மதியத்துக்குள்ள வந்துடறேன் மாமா."

"எங்க காலத்துல யாரு இப்படி ரத்தத்தைக் குத்திக் குத்திப் பாத்தா? வாயைக் கட்டு, தானா இறங்கும்." அதோடு பேச்சு முடிந்தது. உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ தூக்கக்காரி, இவளுக்குப் பொத்தான் தைக்கிற வேலையைக் குடு. உக்காந்தே செய்யட்டும்."

மாமியார் பொத்தான் டப்பாவோடு வந்தாள். அந்த வீட்டில் அவளுக்குத் தூக்கக்காரி என்பதுதான் பெயர். கடை ஆட்கள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். கல்யாணமான புதிதில் மருமகள் காரணம் கேட்டபோது கணவன் சாதாரணமாகச் சொன்னான்: "எனக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு பிள்ளை பொறந்துச்சாம். தூக்கத்துல புரண்டு படுத்து அமுக்கிட்டாங்களாம். அதைத்தான் அப்பா சொல்லிக் காட்டுவாரு. பழகிப்போச்சு." அந்த வீட்டில் முதலில் எழுபவளும் கடைசியில் படுப்பவளும் அவள்தான் என்பதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

குறித்த நாளுக்குச் சற்று முன்பே மருமகளுக்கு வலி கண்டது. தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது. டாக்டரம்மாவும் நர்சுகளும் போராடித்தான் பிள்ளையை வெளியே எடுத்தார்கள். ஆண் குழந்தை, நாலரைக் கிலோ. கன்னமும் தோளும் உப்பிச் சிவந்திருந்தன.

"பொறக்கும்போதே பயில்வான்," என்று மாமனார் வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். "எங்க வம்சம் அப்படி."

அவர் போன பிறகு மாமியார் தொட்டிலின் அருகில் உட்கார்ந்தாள். குழந்தை பாலுக்கு வாய் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் கைகள் வெடவெடவென்று நடுங்கின. போர்த்திப் பார்த்தாள், நிற்கவில்லை. உள்ளங்கைக்குள் பிடித்துப் பார்த்தாள். அப்படியும் நிற்கவில்லை. உதட்டோரம் நீலம் பரவியதைக் கண்டதும் எழுந்து தாழ்வாரத்தில் ஓடினாள்.

"நர்சம்மா, புள்ளைக்குக் கை நடுங்குது. குளிரால இல்ல. எனக்குத் தெரியும், இது குளிரால இல்ல."

நர்ஸ் குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். உடனே தூக்கிக்கொண்டு பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு விரைந்தாள். அங்கே கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

சேதி கேட்டுத் திரும்பி வந்த மாமனார் மருமகளின் கட்டில் பக்கத்தில் நின்றார். "வாயைக் கட்டுன்னு சொன்னேன். கேட்டாளா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல் வலியோடு வேறு எங்கே போவாள்.

"அவங்க சாப்பிட்டதால வந்தது இல்ல சார்," என்றார் டாக்டரம்மா. "அம்மா ரத்தத்துல சர்க்கரை கூடுனா அது குழந்தைக்கும் போகும். அதைச் சமாளிக்கக் குழந்தை உடம்பு இன்சுலினை அதிகமாச் சுரக்கும். அதனாலதான் இவ்வளவு பெருசா வளந்திருக்கான். கொடியை வெட்டுனதும் அம்மாகிட்டேருந்து வர்ற சர்க்கரை நின்னுடும், ஆனா அந்த இன்சுலின் உடனே அடங்காது. அதான் குழந்தைக்குச் சர்க்கரை ஒரேயடியா இறங்குது. நடுக்கம் அதனாலதான். நல்லவேளை, உடனே பாத்துட்டாங்க. ஒழுங்கா ஊசி அளவைக் கூட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஏன் வரல?"

மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா வெளியே வந்ததும் மாமியார் பின்னாலேயே போனாள். "அம்மா, ஒண்ணு கேக்கணும். என் மூத்த புள்ளையும் இப்படித்தான், பெருசாப் பொறந்தான். இதே நடுக்கம். பாலே குடிக்கல. விடிஞ்சு பாத்தா பக்கத்துல நீலமாக் கெடந்தான். எனக்குச் சர்க்கரை இருக்குன்னு ரெண்டாவது புள்ளை வயித்துல இருந்தப்பதான் கண்டுபிடிச்சாங்க."

டாக்டரம்மா நின்றார். "இத்தனை வருஷம் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றதைப் பாத்தா, அதுவாத்தான் இருந்திருக்கும்னு தோணுது."

மாமியார் தாழ்வாரத்து பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கணவனிடம் போய், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள். குரல் பிசிறாமல் சொன்னாள். கடைசியில், "நான் புரண்டு படுக்கல," என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ தூங்கிக் கொல்லல, சர்க்கரையால கொன்ன. எப்படிப் பாத்தாலும் நீதான?"

மகன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மருமகளிடம் போய் உட்கார்ந்தாள்.

குழந்தைக்கு மஞ்சள் காமாலையும் வந்து, நீல விளக்கின் கீழ்க் கிடந்து தேறியது. சில வாரங்களில் தாய்க்கு மறுபடி ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த நாள் வந்தபோது விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகள் கடையில் குவிந்திருந்தன.

"புள்ளைதான் தேறிட்டானே. இன்னும் என்ன ஆஸ்பத்திரி?" என்றார் மாமனார்.

மருமகள் குழந்தையோடு கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். மாமியார் அவளைக் கடந்து கீழே இறங்கி வந்தாள். கொதிகலனின் அடுப்பை அணைத்தாள். சீறிக்கொண்டிருந்த ஆவி மெல்ல அடங்கியது. தேய்த்துக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்தினார்கள்.

"என்ன பண்ற?"

"அவளுக்குப் பாக்கணும். எனக்கும் பாக்கணும்." பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கல்லாவைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.

பின்னாலிருந்து அவர் கூப்பிட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"அத்தை, சாயங்காலம் திரும்பி அங்கதான வரணும்?"

"வரணும். வேற எங்க போறது?" மாமியார் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "மெதுவாப் போய், மெதுவாவே வருவோம்."