துடைக்காத சிலுவை

விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய அமலராணி வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள். சென்னையில் அவள் வருடக்கணக்காய் மாடாய் உழைத்த ஆராய்ச்சி கடைசியில் ஒரு பீங்கான் தட்டை நம்பி நின்றது. அந்தத் தட்டும் போன வாரம் இரண்டாய் உடைந்துவிட்டது.

படகு போல, விரல் நீளமே இருக்கும் அந்தத் தட்டைச் செய்து கொடுத்தவர் அவள் அப்பா சூசைநாதன். அதில் சிலிக்கான் வில்லையை வைத்து உலைக்குள் தள்ளினால், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் கம்பிகள் நாற்றங்கால் போல எழும்பி நிற்கும். அவற்றின் மேல் வைரப் படலம் படியவைப்பாள். மற்றவர்களுக்கு அந்தக் கம்பி முளைக்கத் துளித் தங்கமாவது வேண்டும். அந்தத் தங்கமே பிறகு சிலிக்கானைக் கெடுத்தும் விடும். தங்கமே இல்லாமல் வளர்த்துவிட்டாள் என்றுதான் அமலராணிக்கு அத்தனை பேரும் புகழும். இப்போது தேர்வாளர், என் கண் முன்னால் இன்னொரு முறை வளர்த்துக் காட்டு, அப்புறம் டாக்டர் பட்டம் என்று சொல்லிவிட்டார். கடையில் வாங்கிய தட்டிலோ ஒரு கம்பிகூட முளைக்கவில்லை. அப்பாவின் கைராசி என்று நினைத்துக்கொண்டாள். படித்த பெண் நினைக்கிற நினைப்பா அது?

வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. பீங்கான் தொழிற்பேட்டையில் காலமெல்லாம் மண்பொடியைச் சுவாசித்த சூசைநாதனுக்கு நுரையீரல் கல்லாகிவிட்டது. கிறிஸ்துமஸைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் பட்டம் வாங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. படுத்துக்கிட்டேதான் செஞ்சேன். பேட்டையில கூட வேல பாத்த டோமினிக்தான் சூளையில வச்சு எடுத்தாந்தான்."

தலையணைக்கு அடியிலிருந்து புதுத் தட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு சின்னச் சிலுவை பளபளத்தது. பேட்டையில் குழந்தை இயேசு பொம்மைகளின் கிரீடத்துக்குப் பூசுகிற அதே தங்கம்.

"என்னப்பா இது?"

"போன தடவயும் போட்டேம்மா. நீ திட்டுவியோன்னு, கடைசிச் சூட்டுக்கு முன்னாடி துடைச்சுட்டேன்." மூச்சு வாங்கியது. "அப்பவும் ஆண்டவரு உன்ன ஜெயிக்க வச்சாரு. அதான் இந்தத் தடவ துடைக்கல."

உடைந்த தட்டின் அடியில் மங்கலாய் ஓர் ஊதாக் கறை இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. சூளைக் கறை என்று விட்டுவிட்டாள். துடைத்தும் போகாத தங்கம் சூட்டில் அப்படித்தான் ஊதாவாகும். கடைத் தட்டுகளையெல்லாம் அமிலத்தில் ஊறவைத்தவள், அப்பா அனுப்பியதை மட்டும் தண்ணீரில் அலசி வைத்தாள். வீட்டிலிருந்து வந்த பொருளில் என்ன அழுக்கு இருந்துவிடப் போகிறது? கம்பியின் நுனியில் தங்கம் இருக்கிறதா என்றும் அவள் தேடவில்லை. வைக்காததை யார் தேடுவார்கள்?

"அதாலதான வளந்துது?" என்று கேட்டார் சூசைநாதன்.

"ஆமாப்பா. அதாலதான்."

அதில் ஒரு சொட்டுப் பொய்யும் இல்லை. இவ்வளவு கசப்பான உண்மையை அவள் வாய் இதுவரை சொன்னதும் இல்லை.

தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். சிலுவையைச் சுரண்டிவிட்டால் போதும். மிச்சம் ஒட்டியிருக்கிற தங்கத்தில் தேர்வாளர் முன்னால் கம்பி தளதளவென்று முளைக்கும். பட்டம் வரும். அப்பா பார்ப்பார். ஒரு குருவிக்கும் தெரியப்போவதில்லை. நினைத்துக்கொண்டிருக்கும்போதே நகம் சிலுவையைச் சுரண்டத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. தட்டை, துணி துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தாள்.

"ராணி, ஒடஞ்சிடுச்சா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கை தவறிடுச்சுப்பா."

துண்டுகளைப் பொறுக்கும்போது அவளுக்கு விசும்பல் வந்துவிட்டது.

"அழுவாத. மண்ணு இருக்குது. வேற ஒண்ணு செஞ்சு தரேன்." மறுபடியும் மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்தத் தடவ சிலுவைய பெருசா போட்டுடறேன்" என்றார்.