உள் விளிம்பு

நபீல் டயர் வாங்க வந்தான். பெண் பார்க்கவும் வந்தான். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று ஏற்பாடு செய்தவர் ஷஹ்மாவின் மாமா அரூஸ்.

அரூஸ் மாமாவுக்கு இதில் பெருமை. இந்தக் காலத்துப் பையன்கள் பெண் வீட்டில் பலகாரத் தட்டின் முன்னால் உட்காரக் கூச்சப்படுகிறார்கள். பிள்ளை எப்படியும் வாப்பாவின் டயர் கடையில்தான் இருக்கிறாள். பையனின் காருக்கும் டயர் தேய்ந்துவிட்டது. பார்த்தது போலவும் இருக்கும், பார்க்காதது போலவும் இருக்கும். சரிவராவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கமில்லை.

ஷஹ்மாவின் வாப்பா மக்கீன் ஹாஜியாரின் கடை கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கும் வீதியில் இருந்தது. கடைக்குப் பின்னால், மேட்டின் மேல் வீடு. ஷஹ்மா பேராதனையில் பௌதிகவியல் படித்து முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தாள். காத்திருக்கும் நாட்களில் சும்மா இருக்க முடியாமல் கடைக்கு வந்தாள். கலியாண வீடுகளில் நாலு பேர் பார்த்தால் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் அவள். கடையில் அப்படி இல்லை. அங்கே அவளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, டயரைப் பற்றிப் பேசினால் போதும். எந்த இறப்பர் எந்த வீதியில் பிடிக்கும், எது சீக்கிரம் தேயும், ஏன் தேயும் என்று அவள் சொல்லச் சொல்ல, லொறிக்காரர்கள்கூட ஹாஜியாரைத் தாண்டி வந்து அவளிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

உம்மா பாயிஸாவுக்கு அது பிடிக்கவில்லை. நபீலின் பேச்சு வந்த அன்றே அவர் தன் முடிவைச் சொல்லிவிட்டார்.

"இது சரிவந்தா பொறகு அவங்க பாடு. சரிவராட்டி கடைப் பக்கம் கால் வைக்கிறல்ல. கடைல நிக்கிற புள்ளண்டு இனி ஒருத்தரும் செல்லப்படாது."

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் வாப்பா ஒன்றும் சொல்லாவிட்டால் விசயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே ஷஹ்மாவுக்கு இந்தப் பையனைப் பிடிக்க வேண்டும் என்பதைவிட, அவனுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது. கடையில் அவள் உட்காரும் கதிரை அதை நம்பித்தான் இருந்தது.

கார் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவுகள், தரையோடு தரையாக உடம்பு. டயர் பூட்டும் முத்துலிங்கம் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, காரு உக்காந்துகிட்டே வருது பாருங்க" என்றார்.

நபீலுக்குக் கலகெதரையில் வீடு, கொழும்பில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வந்து போகிறவன். ஸலாம் சொன்னான், வாப்பாவுக்குக் கை கொடுத்தான், அரூஸ் மாமா இழுத்துப் போட்ட கதிரையில் உட்காராமல் நேரே ஷஹ்மாவின் மேசைக்கு வந்து போனை நீட்டினான். பந்தயத் திடலில் ஓடும் கார்களுக்குப் போடும் டயர் ஒன்றின் படம். ஏறக்குறைய வழுவழுவென்று, பள்ளமே இல்லாமல் இருந்தது.

"இது நல்லமா?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல், சிரி, அவ்வளவுதான் என்று உம்மா சொல்லி அனுப்பியிருந்தார். இது கேள்விதான். ஷஹ்மா பதில் சொன்னாள். நல்ல டயர், ஆனால் இந்த ஊருக்கு இல்லை. அந்த இறப்பர் சூடானால்தான் வீதியைப் பிடிக்கும். திடலில் சில சுற்று ஓடினால் சூடாகிவிடும். ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு பனியில் கலகெதரையிலிருந்து கிளம்பி மழையில் இறங்கும் ஒருவருக்கு அது குளிர்சாதனப் பெட்டியில் வைத்த அழிறப்பர் மாதிரி விறைத்துத்தான் இருக்கும்.

"ஏன்?" என்றான் நபீல்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மேசைக்கு வருகிறவர்கள் என்ன விலை என்று கேட்பார்கள், எத்தனை நாள் ஓடும் என்று கேட்பார்கள். ஏன் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இறப்பருக்குள் நீண்ட சங்கிலிகள் இருப்பதையும், குளிரில் அவை அசைய மறுப்பதையும், அசையாத இறப்பர் வீதியின் சிறு மேடு பள்ளங்களுக்குள் இறங்காது என்பதையும் அவள் சொன்னாள். அவன் கேட்டான். இடையில் போனைப் பார்க்கவில்லை. பிறகு இன்னொரு முறையும் ஏன் என்றான்.

அவள் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினாள். கொஞ்சம் மென்மை குறைந்த டயர். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து போகும் ஆழமான கோடுகள், அடுக்கி வைத்த அம்பு முனைகள் மாதிரி. மழைத் தண்ணீரை இரு பக்கமும் வெளியே தள்ளிவிடும்.

"லுக் கொஞ்சம் கொறவு" என்றான்.

"மழைல லுக் தெரியாது."

நபீல் சிரித்துவிட்டான். வாசலில் நின்ற அரூஸ் மாமா அதைவிடச் சத்தமாகச் சிரித்தார். வாப்பாவைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார். நாலு டயரும் அதே வகையில் எடுப்பதாக நபீல் சொன்னான். அந்த அளவு கண்டியில் கிடைக்காது, கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். பரவாயில்லை என்றான். இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. உம்மா மேலிருந்து அனுப்பியது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

அளவைச் சரிபார்க்க ஷஹ்மா காரருகே குந்தினாள். எந்த வண்டி வந்தாலும் அவள் செய்வதுதான்: வெளியே தெரிகிற பக்கத்தைப் பார்ப்பாள், பிறகு கையை உள்ளே விட்டு மறு விளிம்பைத் தடவுவாள். வலது முன் டயரின் உள் விளிம்பு கொஞ்சம் தேய்ந்திருந்தது. இந்த மாதிரிக் கார்களின் சக்கரங்கள் உள்ளே சற்றுச் சாய்ந்தே இருக்கும், அது இயல்பு. இடது முன் டயரில் கை வைத்தபோது விரலில் கம்பி குத்தியது. வெளியே இன்னும் நன்றாக இருந்த டயர், உள்ளே கம்பி தெரியும்வரை தேய்ந்து, மரம் அரியும் வாளின் பல் மாதிரிப் பிசிறிட்டிருந்தது.

"இது எங்கயாலும் அடிபட்டதா?" என்று கேட்டாள். "இடது பக்கம் உள்ளுக்கு வளஞ்சீக்குது."

"இல்லயே. ஜப்பான்ல இருந்து எறக்கின மாதிரியே ஈக்குது."

"ஜப்பான்ல அடிபட்டதில்ல. இந்தத் தேய்வு பழசில்ல. இங்க வந்த பொறகு, கிட்டடில அடிபட்டீக்குது. அத திருத்தாம புது டயர் போட்டா அதும் இப்படித்தான் ஆகும்."

கணக்கின் கடைசி வரியை எழுதிக் கீழே கோடு போடுவது போல அவள் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து கையைத் துடைத்தாள். அரூஸ் மாமாவின் பிளேன்டீ வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. நபீல் போனை எடுத்துப் பார்த்தான், யாரும் அழைக்கவில்லை. டயர் வந்ததும் சொல்லுங்கள் என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

கார் சத்தம் ஓய்ந்த பிறகு முத்துலிங்கம் பாஸ் மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, நீங்க காரப் பாத்தீங்களா, மாப்பிளயப் பாத்தீங்களா?"

அவள் சிரித்தாள். அப்போது அது பகிடி என்றுதான் நினைத்தாள்.

அரூஸ் மாமா வாய் மூடி இருக்கத் தெரியாதவர். அன்று பின்னேரமே மாமியிடம் சொன்னார். மாமி தன் தங்கையிடம் சொன்னார். தங்கையின் வீடு கலகெதரையில். நபீலின் உம்மா ஸுமைராவின் காதுக்கு விசயம் போனபோது இஷாத் தொழுகை நேரம்கூட ஆகவில்லை. அந்தக் காரை வாங்கிக் கொடுத்தவர் நபீலின் வாப்பா. பந்தயம் ஓடுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் வாங்கிக் கொடுத்திருந்தார். துருவிக் கேட்டபோது உண்மை வெளியே வந்தது: நண்பர்களோடு ஓடி, ஒரு மதகுக் கட்டில் அடித்து, கொழும்பிலேயே தட்டி நிறம் பூசி, மகன் ஒன்றும் நடக்காத மாதிரி ஊருக்கு வந்து போயிருக்கிறான். அந்த வீட்டில் அன்று சோறு ஆறிப்போனதாகக் கேள்வி.

பதில் இரண்டு நாளில் வந்தது. பிள்ளை நல்ல பிள்ளைதான், படித்த பிள்ளைதான், ஆனால் அவர்கள் இப்போதைக்கு அவசரப்படவில்லையாம். இது அரூஸ் மாமா உம்மாவிடம் சொன்னது. ஸுமைரா உண்மையில் சொன்னது வேறு வழியாக வந்தது.

"பொண்ணு பாக்க அனுப்பினோம். பொண்ணு எங்கட புள்ளயப் பாத்துட்டா."

அது ஊரில் நன்றாக ஓடியது. அடுத்து வந்த கலியாண வீட்டில் மேசைக்கு மேசை போனது. மக்கீன் ஹாஜியாரின் மகள் டயரைத் தடவியே ஆளின் கதையைச் சொல்லுவாளாம், மாப்பிள்ளைமார் பஸ்ஸில் போவது நல்லதாம். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் டயர் கேட்டு வாங்கியவர்கள்.

நபீலிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'நீங்க சொன்னது சரி. ஆனா அத அங்க வெச்சு சொல்லத் தேவல்ல.'

ஷஹ்மா அதற்குப் பல பதில்கள் எழுதினாள். புது டயரில் நீங்கள் செத்துப்போகக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று ஒன்று. ஏன் என்று கேட்டது நீங்கள்தானே என்று ஒன்று. எல்லாவற்றையும் அழித்தாள்.

உம்மா ஏசவில்லை. கடைக்கு இறங்கிப் போய் ஷஹ்மாவின் கோப்பையையும் குடையையும் எடுத்து வந்து குசினி மேசையில் வைத்தார். அவ்வளவுதான். வாப்பா சாப்பிட வந்தபோது அவள் கேட்டாள்.

"நான் செல்லினது பொய்யா, வாப்பா?"

"பொய்யில்ல, மகள்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "வேற ஆள்ட காரெண்டா நானே செல்லியீப்பேன்."

டயர்கள் வந்தன. நபீலும் வந்தான். வேறு கடைக்குப் போக அவனால் முடியாது, அந்த அளவு அங்கேதான் வந்திருந்தது. பந்தய டயருக்கு மாறாமல் அவள் சொன்ன டயரையேதான் எடுத்தான் என்பதை ஷஹ்மா மேல் யன்னலிலிருந்து கண்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. காரின் பின்புறம் வீட்டைப் பார்த்து நின்றது. முத்துலிங்கம் பாஸ் முன் சக்கரங்களில் இருந்தார். பின் சக்கரங்களைப் புதிதாக வேலைக்கு வந்த அஜந்தன் பூட்டினான்.

காரை ஜக்கிலிருந்து இறக்கியபோது அவள் பார்த்தாள். வலது பின் டயரில் அம்பு முனைகள் நிமிர்ந்து நின்றன. இடதில் கவிழ்ந்து கிடந்தன. டயரை மறுபக்கமாகப் பூட்டியிருக்கிறார்கள். இனி அது தண்ணீரை வெளியே தள்ளாது, நடுவுக்கு இழுக்கும். கலகெதரை வளைவுகளில், மழையில், அவன் ஓட்டுகிற ஓட்டத்தில் பின் சக்கரம் ஒன்று தண்ணீரின் மேல் மிதந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடத் தேவையில்லை.

சொல்லத் தேவல்ல என்று அவனேதான் எழுதியிருந்தான். அவள் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் பிறகும் நினைத்துக்கொள்வாள். பிறகு வாப்பாவுக்கு எடுத்தாள்.

"வாப்பா, பின்னுக்கு இடது டயர் மறுபக்கம் பூட்டியீக்குது. அம்பு தலகீழா ஈக்குது."

கீழே வாப்பா தலையை உயர்த்தி யன்னலைப் பார்த்தார். "ம்" என்றார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்று மெதுவாக வந்தார். இடது பின் சக்கரத்தருகே நின்றார், குனிந்தார். அவர் குரல் ஷஹ்மாவின் காதுக்குள் துணி உரசும் சத்தத்தோடு கேட்டது.

"அஜந்தன், இதக் கழட்டுங்க. அம்பப் பாக்கல்லயா?"

நபீல் ஓடி வந்து குனிந்து பார்த்தான்.

"நல்ல நேரம் கண்டீங்க ஹாஜியார். வேற ஒருத்தர்ட கண்ணுக்கும் தெரிஞ்சீக்காது."

ஷஹ்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வாப்பா சிரித்தார்.

"இத்தன வருசமா இதுதானே வேல, மகன்."

டயர் கழன்று, மாறி, திரும்ப ஏறியது. பிறகு நபீலின் குரல் தாழ்ந்து வந்தது. அரூஸ் மாமா அங்கே இல்லை, வேறு யாரும் இல்லை.

"ஹாஜியார், அந்த முன்னுக்கு இடது பக்கம்... அது மெய்யாவே வளஞ்சா ஈக்குது?"

சற்று முன்னர் கழற்றிப் போட்ட அந்தப் பழைய டயரை வாப்பா கையால் தடவிப் பார்த்திருந்தார். அவருக்குத் தெரியும்.

"சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல மகன். சின்னப் புள்ள, வெளங்காம செல்லிட்டா. டயர் மாறினா எல்லாம் சரியாகும். உம்மாக்கு ஸலாம் செல்லுங்க."

கார் வீதிக்குத் திரும்பியது. பின்னால் இரண்டு டயரிலும் அம்புகள் நிமிர்ந்திருந்தன. முன் இடது சக்கரம் மட்டும் அளவுக்கு மிஞ்சி உள்ளே சாய்ந்தபடி உருண்டது. புது இறப்பர், நல்ல கறுப்பு. கடை வாசலில் நிற்பவர்களுக்கு அது தெரியாது.

"யாரோட கதைக்கிற?" என்று உம்மா குசினியிலிருந்து கேட்டார்.

"ஒருத்தரோடயும் இல்ல உம்மா" என்றாள் ஷஹ்மா. போன் இன்னும் அவள் காதில் இருந்தது. கீழே வாப்பா யாரோ ஒரு லொறிக்காரருக்கு, இறப்பர் ஏன் குளிரில் விறைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.