ஐந்தே முக்கால் டன்

என் பெயர் தம்பிராஜா. காஜா பெராங்கில் குடியிருந்தேன். ஊருக்கு வெளியே இருந்த கல்லுடைப்பில், ரோட்டு இலாகா சம்பளத்தில் எடை எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. கல் ஏற்றிய லோரி எதுவானாலும் எடை மேடையில் ஏறி நிற்க வேண்டும். நான் முள்ளைப் பார்த்துச் சீட்டு எழுதினால்தான் கேட் திறக்கும். டவுனுக்குப் போகிற வழியில் ஒரு மரப்பாலம் உண்டு. லோரியும் சுமையும் சேர்ந்து ஆறு டன்னுக்கு மேல் அதில் போகக்கூடாது என்பது சட்டம்.

ஆறு என்றால் எனக்கு ஆறுதான். கால் டன் கூடினாலும் மண்வெட்டியைக் கையில் கொடுத்து அள்ளிக் கொட்டச் சொல்லுவேன். "கிராணி, கோப்பி குடிங்க" என்று குழைந்த டிரைவரைக் கோப்பியோடு சேர்த்து விரட்டியிருக்கிறேன். இப்படிப் பீற்றிக்கொள்கிறானே என்று நினைக்கிறீர்கள். நினையுங்கள், அதற்கு மேலும் நினைக்கப் போகிறீர்கள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் எங்கள் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். அம்மனுக்குப் புதுப் பீடம் வேண்டும் என்று எங்கள் கல்லுடைப்பிலேயே ஒரே பாறையில் கல் வெட்டினோம். அதை ஏற்றிய லோரிக்கு மாலை, வேப்பிலை, கல்லின் நெற்றியில் குங்குமம். முன்னால் உடுக்கை. கோயில் தலைவர் சொக்கப்பன் செட்டியார் டிரைவர் பக்கத்தில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் காஜா பெராங்கே திரண்டு வந்ததுபோல் கூட்டம்.

லோரி ஓட்டியவன் கம்போங் செட்டி என்ற பக்கத்து ஊர்த் தியாகு. அந்த ஊர்க்காரர்கள் சாமி கும்பிடுவதில் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை. பல தலைமுறையாக இங்கேயே இருந்ததில் பேச்சு மட்டும் மலாய். எடை மேடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிச் சொன்னான்.

"தீம்பாங் டூலு, கிராணி. பெராட் நி."

முதலில் எடை போடுங்கள், ரொம்பக் கனக்கிறது என்கிறான். அவன் சொன்னது என் வேலை. நான் செய்திருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே! செருப்பைக் கழற்றினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"சாமி, மானா போலே தீம்பாங்!" என்று கத்தினேன். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி தமிழில், "ஆத்தாளயா எடை போடறது? தமிழ் தெரியாதவனுக்கு அம்மா மரியாதை எங்க தெரியும்!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தியாகு சிரிக்கவில்லை. செட்டியார் இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "தம்பிராஜா, நீங்களல்லவா பக்தர்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாம். வேறு யாரும் என்னைக் கேட்கவில்லை, மிரட்டவில்லை. நானாகவே செய்தேன்.

சீட்டு எழுத வேண்டுமே. ஆறு என்று முழுசாக எழுதினால் சந்தேகம் வரும் என்று ஐந்தே முக்கால் டன் என்று எழுதினேன். திருட்டுப் புத்தி எவ்வளவு சுருக்காக வேலை செய்கிறது பாருங்கள்.

பாலத்தின் நடுவில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டதாம். தியாகு வண்டியை அக்கரையில் நிறுத்தியிருக்கிறான். நல்ல நேரம் போய்விடும், எடு எடு என்று கூட்டம் அவனை இறங்கவே விடவில்லை. மறுநாள் காலை காய்கறி ஏற்றிய மாட்டுவண்டியோடு பாலம் உட்கார்ந்துவிட்டது. வண்டிக்காரர் பொன்னுதுரைக்குக் கை முறிந்தது. ஒரு மாடு செத்துப்போனது.

அந்தப் பாலத்தைப் பராமரித்தவர் எங்கள் இலாகாவின் மண்டோர், அதாவது மேஸ்திரி, கருணாகரன். மாதா மாதம் அடியில் தவழ்ந்து போய் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்துத் தார் பூசுகிற மனிதர். படிப்பு இல்லை, வேலையில் சொட்டை சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து இலாகாத் துரை விசாரணை வைத்தார். வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம், அவருக்கும் சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது.

"கட்டையெல்லாம் நல்லா இருந்துச்சு தொரே. பாரம் தாங்காமதான் முறிஞ்சிருக்கு" என்றார் கருணாகரன்.

தியாகு தன் லைசென்ஸ் போனாலும் போகட்டும் என்று உள்ளதைச் சொன்னான். லோரி கனத்தது, எடை போடச் சொன்னேன், போடவில்லை என்றான். துரை என்னைப் பார்த்தார். நான் சீட்டை நீட்டினேன். ஐந்தே முக்கால் டன், கீழே என் கையெழுத்து. எழுதி வைத்த சீட்டுக்கு முன்னால் அவன் பேச்சு எடுபடவில்லை. கல்லை மறுபடி நிறுக்கலாமே என்று கேட்கவும் ஆளில்லை. அதற்குள் அது சிமெண்டில் உட்கார்ந்து பீடமாகிவிட்டது.

பராமரிப்பில் கவனக்குறைவு என்று கருணாகரனுக்கு வேலை போனது. மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவும் உத்தரவு. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். எனக்கென்றே சொல்லி வைத்த மாதிரி இருக்கிறது.

அவர் மனைவி விஜயா என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க இங்கிலீஷ் தெரிஞ்சவங்க. தொரைக்கு ஒரு பெட்டிஷன் எழுதிக் குடுங்க. மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போவோம்?"

அப்போதாவது வாயைத் திறந்தேனா? என் மூத்த மகள் கோகிலாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பனுக்கு வேலை போனால் எவன் வருவான் என்ற பயம். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன், நல்ல இங்கிலீஷில். மறுநாள் கைரேகை வாங்க மைப் பெட்டியும் கையுமாகக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

"அதுல என்னா போட்டிருக்கு? தமிழ்ல சொல்லுங்க, கிராணி" என்றார் கருணாகரன்.

சொன்னேன். 'பாலத்தைக் கவனிக்காதது என் குற்றம். அதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகுட்டிக்காரன் என்று இரக்கம் காட்டி மன்னிக்க வேண்டும்.'

அவர் மைப் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"அந்தக் கல்ல நான் கோயில்ல பாத்தேன். ஆறடி நீளம், நாலடி அகலம், மூணடி ஒசரம். வெறும் கல்லே அஞ்சு டன்னுக்கு மேல. லோரி மூணு. இருபது வருஷமா ரோட்டு வேலையில கல்லோட கெடக்கறவன், எனக்குச் சீட்டு வேணாம்."

இவர் விசாரணையில் என் எதிரே நின்றவர். என் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"நான் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆத்தா கல்லு பாலத்த ஒடைச்சிச்சுன்னு ஊரு பேசும், கும்பாபிஷேகத்துக்கே கெட்ட பேரு வரும். நீங்களும் சொல்ல வேணாம். ஆனா செய்யாத தப்புக்கு ரேகை வைக்க மாட்டேன். கடுதாசிய எடுத்துட்டுப் போங்க."

உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று உள்ளே ஒருவன் குதித்தான். தூ! என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

அடுப்படி வாசலில் நின்ற விஜயாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. இவ்வளவு நாள் அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. புருஷனிடம்தான் பேசினாள். என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

"சாமி பேரு கெடக்கூடாதுன்னு நீங்க வாய மூடிக்கிட்டீங்க. சரி. இவரு எதுக்கு மூடிக்கிட்டாரு? கேளுங்க அவர!"

கருணாகரன் கேட்கவில்லை. நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

அவர்கள் வீட்டைக் காலி செய்ய இன்னும் பதினோரு நாள் இருந்தது. துரையின் ஆபீஸ் என் எடை மேடையிலிருந்து நூறு அடி தூரம். பதினோரு நாளும் அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். துரை உள்ளேதான் இருந்தார், கதவும் திறந்துதான் இருந்தது.